எங்கள் லயத்துக் காய்ச்சல்

தை மாதத்து உறைபனியில் பால்பாயிண்ட் பேனா எழுதாது. உள்ளே மை இறுகிப்போய், எவ்வளவு அழுத்தினாலும் தாளில் வெறும் கீறல்தான் விழும். அப்போது ரீஃபிலை மட்டும் உருவி, மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் கொஞ்சநேரம் காட்டி, இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டவேண்டும். சூடேறிய பிளாஸ்டிக் வாசமும் கம்பளிச் சட்டையில் ஏறியிருந்த மண்ணெண்ணெய் வாசமும் சேர்ந்து வருகிற அந்த நேரத்தில்தான் நான் எங்கள் தோட்டத்துக்காரர்களுக்கெல்லாம் லீவு லெட்டர் எழுதிக்கொண்டிருந்தேன். எனக்கு இங்கிலீஷ் என்றால் இன்றைக்கும் முதலில் ஞாபகம் வருவது அந்த வாசம்தான்.

மஞ்சூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம் எங்களுடையது. "எங்களுடையது" என்று வாய்தான் சொல்கிறது. அதில் ஒரு செடிகூட எங்களுக்குச் சொந்தமில்லை. குந்தா மின்நிலையத்திலிருந்து புறப்படும் மின்கம்பிகள் எங்கள் கூரைக்கு மேலாகத்தான் போயின, ஆனாலும் மழைக்காலத்தில் பாதிநாள் எங்களுக்குக் கரண்ட் இருக்காது, ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. சிறு வயதில் சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்துசேர்ந்த அப்பாவுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய அந்த வீடுகள் "லயம்". காரமடைப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அம்மாவுக்கு அது "ஊடு". பள்ளிக்கூடத்தில் அதை "ஹோம்" என்று எழுதச் சொன்னார்கள். மூன்றும் பத்துக்குப் பத்தில் அதே ஒற்றை அறைதான் என்பது எனக்குப் புரிவதற்கே கொஞ்சநாள் ஆயிற்று.

அப்பாவுக்கு ஃபாக்டரியில் இலை வாட்டும் வேலை, அம்மா தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் "பிள்ளைக்காம்பரா"வில் ஆயா. இரண்டு பேரும் சேர்ந்து என்னை மட்டும் மஞ்சூரில் ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் போட்டார்கள். அங்கே என்னை முதலில் வந்து பிடித்த பேய் இறந்தகாலம்.

தமிழில் நடந்து முடிந்ததைச் சொல்ல எனக்கு யாரும் பாடம் நடத்தியதில்லை. வந்தேன், போனேன், தின்றேன் என்று தானாக வந்தது. இங்கிலீஷில் அதற்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று கட்டம் போட்டு, கோ வென்ட் கான், கம் கேம் கம் என்று ராகம் போட்டுப் படிக்க வேண்டியிருந்தது. வாக் வாக்ட், டாக் டாக்ட் என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போதே திடீரென்று கோ என்பது வென்ட் ஆகிவிடும். இரண்டுக்கும் என்ன உறவு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஸிட் என்பது ஸேட் ஆகுமென்றால் ஹிட் என்பது ஹேட் ஆகவேண்டும், அதுதானே நியாயம்? ஆகாது. ஹிட், நேற்றைக்கும் ஹிட், இன்றைக்கும் ஹிட். கட்டும் புட்டும் ஹர்ட்டும் அப்படியே. அப்படியானால் அடித்துவிட்டதா, தினமும் அடிக்கிறதா என்று எப்படித் தெரியும் என்று எங்கள் மிஸ்ஸைக் கேட்டேன். "கான்டெக்ஸ்ட்" என்றார். அந்தச் சொல் என் மூன்று கட்டத்தில் எதிலும் இல்லை.

இதைவிடப் பெரிய குழப்பம் "டிட்". ஐ டிட் நாட் கேம் என்று எழுதினால் சிவப்பு மையில் ஒரு சுழி விழும். டிட் வந்துவிட்டால் கேம் மறுபடியும் கம் ஆகிவிட வேண்டுமாம். நடந்துமுடிந்த பாரத்தை ஒருத்தி தலையில் ஏற்றிக்கொண்டால் கூட வருகிறவள் கைவீசிக்கொண்டு வரலாம் என்று நானாகவே ஒரு கணக்குப் போட்டு வைத்துக்கொண்டேன். எழுதும்போது அது சரியாக வரும். வாயைத் திறந்தால் இரண்டு பேர் தலையிலும் பாரத்தை ஏற்றிவிடுவேன்.

தோட்டத்துக்குத் திரும்பி வந்தால் இந்தத் தொல்லையே கிடையாது. "சைன் பண்ணியாச்சு", "டிரான்ஸ்பர் ஆயிட்டாரு", "பஸ் மிஸ்ஸாயிருச்சு" என்று ஒருநாளைக்கு நூறு இங்கிலீஷ் சொல் பேசுகிற எங்கள் ஆட்கள் ஒரு சொல்லைக்கூட வளைக்கமாட்டார்கள். இங்கிலீஷ் சொல் துரை மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கும், நேற்று நாளை எல்லாவற்றையும் பின்னால் வருகிற தமிழ் இழுத்துக்கொண்டு போகும். இதில் எது சரியான இங்கிலீஷ் என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.

தமிழில் லீவு எழுதிக்கொடுத்தால் ஆபீசில் கணக்கு எழுதுகிற ரைட்டர் படித்துவிட்டு ஓரமாக வைத்துவிடுவார். இங்கிலீஷில் எழுதினால் அது நேரே மேனேஜர் துரையின் மேசைக்குப் போகும் என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. இங்கிலீஷ் எழுதுகிற ஆள் லயத்தில் நான் ஒருத்திதான், அப்போது ஆறாம் வகுப்பு. எனக்குத் தெரிந்த லீவு லெட்டரும் ஒன்றே ஒன்றுதான். பள்ளியில் மனப்பாடம் செய்தது. "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" என்று தொடங்கும். கடைசியில் ஸ்கூல் என்ற இடத்தில் வொர்க் என்று மாற்றிவிட்டால் முடிந்தது. முதன்முதலில் அப்பாவுக்குத்தான் அதை எழுதினேன். அத்தை மகளுக்குக் கோத்தகிரியில் சடங்கு. லீவு உடனே கிடைத்தது.

அதோடு அந்த லெட்டருக்கு "ராசியான லெட்டர்" என்று பேர் வந்துவிட்டது. காதுகுத்தா, காய்ச்சல். கோயில் திருவிழாவா, காய்ச்சல். மேட்டுப்பாளையத்தில் மச்சான் கடை திறக்கிறானா, இரண்டு நாள் காய்ச்சல். வேறு ஏதாவது எழுதட்டுமா என்று நான் கேட்டால், "என்னாத்துக்குப் புள்ள, எப்பவும் எழுதுறத எழுது" என்பார்கள். அந்த வாக்கியத்தில் வருகிற காய்ச்சல் இப்போது அடித்துக்கொண்டிருக்கிற காய்ச்சல். ஆகவே எங்கள் லயத்தில் யாருக்கும் காய்ச்சல் வந்தது, போனது என்று தாளில் கிடையாது. எல்லாருக்கும் எப்போதும் அடித்துக்கொண்டே இருந்தது. எழுதுகிற எனக்கு இது பொய் என்று தோன்றியதா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். பிடிபடவில்லை. "யுவர்ஸ் ஒபீடியன்ட்லி" என்று கடைசியில் எழுதினோமே, அதுமட்டும் மெய்யா என்ன?

எங்களுக்கு அடுத்த கதவு செல்லம்மா அக்கா. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், இரண்டு பெண்பிள்ளைகள். அக்கா அப்போது தோட்டத்தில் "டெம்பரரி". ஏழு வருஷமாகக் கொழுந்து எடுத்தும் பெயர் நிரந்தரப் பட்டியலில் ஏறவில்லை. அந்த வருஷம் ஏற்றுவதாகச் சொல்லியிருந்தார்கள். ஏறினால் லயத்து வீடு அவருக்கே நிற்கும். ஏறாவிட்டால் பங்குனிக்குள் சாவியைக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளோடு எங்கேயாவது போகவேண்டும். எங்கே என்று அக்காவுக்கும் தெரியாது. நடுவில் லீவு அதிகமாகப் போட்டால் பெயரை அடித்துவிடுவார்கள், வேலையில் அடிபட்டுப் படுத்தால் மட்டும் அந்த நாட்களுக்கு விலக்கு உண்டு.

அந்தத் தையில் ஒருநாள் காலையில், ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது சோலையிலிருந்து இறங்கிய காட்டெருமை ஒன்று அக்காவை முட்டித் தள்ளிவிட்டது. தண்ணீர் வடிய வெட்டியிருக்கும் கானுக்குள் போய் விழுந்து இடது தோளில் எலும்பு முறிந்தது. சாயங்காலம் நான் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே லயமெல்லாம் அதே பேச்சு. காயத்துக்கு மருந்து போடுகிற தோட்டத்து டிரஸர் கையைக் கட்டிவிட்டிருந்தார். நான் பையைக்கூடக் கழற்றவில்லை. அக்காவின் மூத்தவள் வந்து நின்றாள். "லெட்டர் எழுதிக் குடுக்கா, நாளைக்குப் பெரட்டுல பேரு கூப்பிடும்போது லெட்டர் இல்லாட்டி ஆப்சென்ட்டாம்" என்றாள். பெரட்டு என்பது காலையில் ஆள் எண்ணுவது. நான் ரீஃபிலைச் சுடவைத்தேன். எழுதினேன். காய்ச்சல் என்று.

காட்டெருமை முட்டியது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதினேன். வேறு லெட்டர் எனக்குத் தெரியாது, யாரும் வேறு எழுதச் சொல்லவும் இல்லை, அக்காவும் கைநாட்டு வைத்துவிட்டார். இதைப் படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம், எங்கள் லயத்தில் அன்றைக்கு ஒருவருக்கும் அது விசித்திரமாகத் தோன்றவில்லை.

அடுத்த வாரம்தான் விஷயம் முற்றியது. ஊட்டி ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஆறு வாரம் கையை அசைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அக்கா சீட்டை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார். ரைட்டர் ஃபைலைத் திறந்து, "ஏம்மா, உங்க லெட்டர்லயே காய்ச்சல்னுதானுங்க இருக்குது. அடிபட்டதுக்கு எங்கயுமே பதிவு இல்லீங்களே" என்றார். அவர் கெட்டவர் இல்லை, அவர் முன்னால் இருந்த தாள் அப்படித்தான் சொன்னது. டிரஸர் கட்டுப்போட்டது கணக்கில்லை, அடிபட்டால் அன்றைக்கே மலையில் வேலை வாங்குகிற மேஸ்திரி புத்தகத்தில் எழுதவேண்டும். அன்றைக்கு மேஸ்திரி வேலைக்கு வரவில்லை. அன்னூரில் கொழுந்தியா வீட்டுக் கிரகப்பிரவேசம். அவருக்கும் நான்தான் எழுதிக்கொடுத்திருந்தேன், காய்ச்சல் என்று.

நடந்ததை நடந்தபடி துரைக்கு எழுதிக்கொடுக்கச் சொல்லி ரைட்டரே வழி சொன்னார். வடக்கே எங்கிருந்தோ புதிதாக வந்த துரை, தமிழ் நாலு வார்த்தைதான். ஆகையால் மறுபடியும் என்னிடம் வந்தார்கள். முதல்முறையாக நிஜமாக நடந்த ஒன்றை நான் இங்கிலீஷில் எழுதவேண்டும், அதுவும் நடந்து முடிந்ததாக. மூன்று கட்டம் போட்ட நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, "சொல்லுங்கக்கா" என்றேன்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "நான் கொழுந்து எடுத்துக்கிட்டு நிக்கிறேன். பின்னால மூச்சு கேக்குது. யாரோ வர்றாங்கன்னு நெனைக்கிறேன். திரும்பிப் பாக்கிறேன், நிக்குது. அப்பறம் நான் கானுக்குள்ள கெடக்கிறேன்." எல்லாமே இப்போது நடக்கிற மாதிரி. எதை எதாக மாற்றுவது என்று எனக்குத் தலை சுற்றியது. அம்மா நடுவில் புகுந்து, "அந்தக் கர்மத்தையெல்லாம் எதுக்குங்க எழுதணும், முட்டிருச்சுன்னு எழுதினாப் போதாதுங்களா" என்றாள். முட்டியதற்கு நோட்டில் இருந்தது அந்தப் பாழாய்ப்போன ஹிட். இந்த ஹிட்டைப் படித்துவிட்டு, காட்டெருமை இனிமேல்தான் முட்டப்போகிறது என்று துரை நினைத்துவிட்டால்? அழுகையே வந்துவிட்டது. கடைசியில் ஹிட்டுக்குப் பின்னாலும் ஒரு வாலை ஒட்டி "ஹிட்டட்" என்று எழுதினேன். தப்பு என்று தெரியும். முடிந்துபோனது என்று துரைக்குத் தெரியவேண்டும், எனக்கு அதுதான் முக்கியம்.

இரண்டு நாள் கழித்து துரை ஆபீசுக்கு வரச்சொன்னார். அக்காவை மட்டுமில்லை, எழுதின ஆளையும். "ஏனுங்க, புள்ளைய எதுக்குங்க அங்கெல்லாம்" என்று அம்மா கையைப் பிசைந்தாள். அப்பா ஃபாக்டரி உடுப்போடு எங்கள் பின்னால் வந்து, ஆபீஸ் வராந்தாவிலேயே நின்றுகொண்டார். உள்ளே ரைட்டரும் மேஸ்திரியும் இருந்தார்கள். மேஸ்திரி என்னைப் பார்க்கவே இல்லை.

துரையின் மேசையில் என் இரண்டு லெட்டர்களும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒரே கையெழுத்து, ஒரே கைநாட்டு. ஒன்றில் காய்ச்சல், ஒன்றில் காட்டெருமை. "டிட் யூ ரைட் திஸ்?" என்றார். "யெஸ் சார், ஐ டிட் ரோட்" என்றேன். இரண்டு பேர் தலையிலும் பாரம். அவர் சிரிக்கவில்லை. "எது உண்மே?" என்று தமிழில் கேட்டார். கேட்டுவிட்டு ஒரு ஃபைலை இழுத்து என் பக்கம் திருப்பினார். அதில் ஒரு வருஷத்து லீவு லெட்டர்கள். அத்தனையும் என் கையெழுத்து. அத்தனை பேருக்கும் காய்ச்சல்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்காவின் காய்ச்சல் பொய் என்றால் அதே வார்த்தைகளில் அதே தேதி போட்ட மேஸ்திரியின் காய்ச்சலும் பொய். மேஸ்திரியின் காய்ச்சல் பொய் என்றால் லயத்தில் எல்லாருடையதும் பொய், அப்பாவுடையதும்தான். மெய் என்று சாதித்தால் அக்காவுக்கு வீடு போய்விடும். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டுப்போட்ட கையை மற்றக் கையால் தாங்கிப் பிடித்திருந்தார்.

கூப்பிடாமலே அப்பா உள்ளே வந்தார். எங்கள் தோட்டத்தில் யாரும் செய்யாத காரியம் அது. ரைட்டரைப் பார்த்து, "தொரைக்குச் சொல்லுங்க. அதுல எம்பேருல ஆறு லெட்டர் இருக்கும். எனக்கு ஒரு நாளும் காய்ச்சல் வந்தது கெடையாது. எழுதச் சொன்னது நான்தான். புள்ளைக்கு வேற எழுதத் தெரியாது" என்றார். ரைட்டர் ஃபைலைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அப்பா என் பக்கம் திரும்பி, "நீ சொல்லு புள்ள" என்றார்.

அப்பாவைக் காட்டிக்கொடுக்கிற வேலையை அப்பாவே என் கையில் கொடுத்தார். "மை ஃபாதர் டிட் நாட் ஹேட் ஃபீவர்" என்றேன். தப்பான இங்கிலீஷ். துரைக்கு நன்றாகவே புரிந்தது. அப்பாவை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, காட்டெருமை லெட்டரின் ஓரத்தில் ஏதோ எழுதி, போகலாம் என்று கையைக் காட்டினார். மேஸ்திரியிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அப்பா தன் பேரை மட்டும்தானே சொன்னார்.

அப்பாவை ஒரு வாரம் வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்திவைத்தார்கள். இனிமேல் ஒரு நாள் காய்ச்சலுக்கும் டாக்டர் சீட்டு வேண்டும் என்று போர்டில் ஒட்டினார்கள். லயத்தில் எங்களோடு பேச்சு நின்றுபோயிற்று. "இவருக்கு மட்டும் என்னா திடீர்னு நாயம் பொங்குது" என்று குழாயடியில் அம்மாவின் காதுபடவே சொன்னார்கள். அம்மா அதை அப்பாவிடம் அழுதுகொண்டே சொன்னாள். அப்பா, "அவளுக்கு ரெண்டு பொட்டப்புள்ளைங்க. லயத்த விட்டா எங்க போவா" என்பதோடு நிறுத்திக்கொண்டார். அந்தப் பங்குனியில் செல்லம்மா அக்காவின் பெயர் பட்டியலில் ஏறியது. அன்றைக்கு அக்கா ஒரு கையாலேயே தேங்காய் ரொட்டி தட்டி, தொட்டுக்கொள்ளச் சம்பல் அரைத்து எடுத்துக்கொண்டு வந்தார். அப்பா இரண்டு ரொட்டி தின்றார். நான் செய்தது சரியா தப்பா என்று நான் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

இப்போது அந்த லயத்தில் பாதிக் கதவுகளுக்குப் பூட்டுத் தொங்குகிறது. மீதியில் ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் லீவு வேண்டுமென்றால் சூப்பர்வைசரின் ஃபோனுக்கு இந்தியில் பேசி அனுப்பிவிடுகிறார்கள். லெட்டரும் இல்லை, பெரட்டில் பேர் கூப்பிடுகிற குரலும் இல்லை. ரீஃபிலை அடுப்பில் காட்டுவதைப் பற்றி என் பிள்ளைகளிடம் சொன்னால் நான் ஏதோ கதை விடுவதாக நினைக்கிறார்கள். செல்லம்மா அக்கா வேலைக்காலம் முடியும்வரை அந்த வீட்டில்தான் இருந்தார், இரண்டு பெண்களையும் அந்தக் கதவிலிருந்துதான் கட்டிக்கொடுத்தார். இப்போது மூத்தவளோடு கேத்தியில் இருக்கிறார்.

நான் குன்னூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு பிரிவில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க என் வேலையே இறந்தகாலம்தான்: அட்மிட்டட், டிஸ்சார்ஜ்ட், ரெஃபர்ட். உயிர் போய்விட்டால் "எக்ஸ்பயர்ட்". என் நோட்டின் மூன்று கட்டத்தில் அதற்கு டை, டைட், டைட் என்று போட்டிருந்தது. வாலை ஒட்டினால் போதும், அதைப்போல் சுலபமான சொல் வேறு இல்லை. ஆனால் ஊரில் யாரும் அதை எழுதுவதில்லை. ஃபாதர் எக்ஸ்பயர்ட், லீவ் ப்ளீஸ் என்று ஆபீஸ் குரூப்பில் எத்தனையோ பேர் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

போன தையில் ஒருநாள் விடிகாலையில் அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். வெளியே உறைபனி. அம்மா அவர் காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஆபீசுக்குச் சொல்லவேண்டுமே என்று ஃபோனை எடுத்தேன். எக்ஸ்பயர்ட் என்கிற சொல்லை விரல் தொடவில்லை, டைட் என்கிற சொல்லையும் தொடவில்லை. என்ன நினைத்தேன் என்று எனக்கே தெரியாது. "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" என்று எழுதி அனுப்பிவிட்டேன். "டேக் ரெஸ்ட்" என்று பதில் வந்தது.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குப் போன அன்று, விஷயம் தெரிந்த மேலாளர் கூப்பிட்டு, அப்பா போனதைச் சொல்லாமல் காய்ச்சல் என்று ஏன் எழுதினாய் என்று கேட்டார். கோபமாக இல்லை, புரியாமல்தான் கேட்டார். கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அப்பா இருந்திருந்தால் கூப்பிடாமலே உள்ளே வந்து, எழுதச் சொன்னது நான்தான் என்று சொல்லியிருப்பார்.